தளபதி ஆகாத மாமா

முதலில் ஒரு திருத்தம். சென்ற ஆண்டு மாமா, அதாவது என் கணவரின் தகப்பனார், காலமான அன்று இணையத்தில் வெளியான மரண அறிவித்தலில் "பங்களாதேஷின் முன்னாள் இராணுவத் தளபதி" என்று போடப்பட்டிருந்தது. அது பிழை. மாமா இராணுவத் தளபதியாக இருந்தவர் அல்லர். பிரிகேடியர் பதவியில் ஓய்வு பெற்றவர். அறிவித்தலைப் போட்டவர் என் பெரியம்மாவின் மகன். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் ஓடியோடி வேலை செய்தவர் அவர்தான். "அண்ணை, ஆர் உங்களுக்கு உப்பிடிச் சொன்னது?" என்று கேட்டேன். "உங்கட கலியாணத்தில இருந்து சித்தி எங்களுக்கு உதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறா" என்றார். அவருக்குச் சித்தி என்றால் எனக்கு அம்மா. அதுவும் உண்மை.

நான் கனடாவில், மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒருவர் வாயால் சொன்னதையும் கடதாசியில் உள்ளதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் பதினாறு வருடமாக என் பிழைப்பு. ஆகவே இந்த ஓராண்டு நிறைவு மலரில் என் மாமனாரைப் பற்றி எழுதச் சொல்லி அம்மா கேட்டபோது, "உள்ளதைத்தான் எழுதுவன்" என்றேன். "உள்ளதை எழுது, ஆனா கொஞ்சம் பாத்து எழுது" என்றார் அம்மா. வங்காள முஸ்லிம் ஒருவருக்குத் தமிழில் மலர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது: "எங்கட பிள்ளையின்ர வீட்டில இருந்து போன மனிசன். ஒரு மலர் போடாட்டி சனம் என்ன சொல்லும்?" என் கணவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எழுதியதையெல்லாம் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு வரியையும் அவர் வெட்டச் சொல்லவில்லை.

மாமா ஏன் தளபதி ஆகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்வதற்கு என் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறவினர்களுக்குத் தெரிந்த விடயம், நண்பர்களுக்காக எழுதுகிறேன். அப்பாவுக்கு ஒரே ஒரு தம்பி. பதின்மூன்று வயது இளையவர், அப்பா தூக்கி வளர்த்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் அவரை இருபத்திரண்டு வயதில் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, தகவலும் இல்லை. ஆகவே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. இறப்புப் பத்திரம் தருகிறோம் என்று ஊரிலிருந்து கடிதம் வந்தபோது அப்பா அதைத் திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள், ஓர் இராணுவ அதிகாரியின் மகனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றேன். அன்று தொடங்கி எனக்கிருந்த கவலை ஒன்றுதான். இந்த இரண்டு மனிதரும் என்றைக்காவது ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவார்களா?

மாமா பிறந்தது பங்களாதேஷின் தெற்கே பரிசால் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். தகப்பனார் கணக்கு வாத்தியார். ஏழு பிள்ளைகளில் மாமா நாலாவது. ஆறு இரண்டு தரம் வீட்டைக் கொண்டுபோனது. இரண்டு தரமும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். கல்லூரியில் முதலாம் வருடம் படிக்கும்போது அவர்களுடைய விடுதலைப் போர் தொடங்கியது. புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு எல்லையைக் கடந்து போய், துப்பாக்கியோடு திரும்பி வந்தார். போர் முடிந்ததும் புதிய நாட்டின் புதிய படையில் சேர்ந்தார்.

அந்தப் படையில் இருந்தவர்களுக்கு நிம்மதியான காலம் என்று ஒன்று கிடைக்கவில்லை. படைத் தலைவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். பிடித்தவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். காலையில் மரியாதை வாங்கியவர் பின்னேரம் கைதியாக இருந்தார். மாமா ஒரு பக்கமும் சேரவில்லை. அதனால் பதவி உயர்வு பிந்திப் பிந்தியே வந்தது. "எல்லோரும் என்னைச் சந்தேகித்தார்கள். அதனால் ஒருவரும் என்னை முக்கியமாக நினைக்கவில்லை. அதனால்தான் உயிரோடு இருக்கிறேன், பௌமா" என்று சொல்லிச் சிரிப்பார். பௌமா என்றால் அவர்கள் மொழியில் மருமகள். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பிரிகேடியராக அவர் ஒரு மாவட்ட நகரத்தில் பொறுப்பில் இருந்த காலத்தில் நாடு மீண்டும் கொந்தளித்தது. மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். அரசு ஆட்டம் கண்டது. ஒருநாள் பெருங்கூட்டம் ஒன்று நகரத்துப் பாலத்தைக் கடக்க வந்தது. பின்னேரத்துக்குள் சுட்டாவது பாலத்தைத் துப்புரவாக்கும்படி தலைநகரத்திலிருந்து தொலைபேசியில் உத்தரவு வந்தது. மாமா, "எழுத்தில் அனுப்புங்கள்" என்றார். எழுத்தில் வரவில்லை. மூன்று தரம் தொலைபேசி அடித்தது. மூன்று தரமும் அதே பதில். பிறகு தன் படையினரைப் பாலத்திலிருந்து இறக்கி முகாமுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். சனம் அவரைக் கடந்து போனது. அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. சில கிழமைகளில் அரசு விழுந்தது.

புதிதாக வந்தவர்கள் மாமாவைத் தலைநகரத்துக்குக் கூப்பிட்டார்கள். உடனே மேஜர் ஜெனரல் பதவி, அப்போதைய தளபதி ஓய்வு பெறும்போது அந்த நாற்காலி என்று பேச்சு. மக்களைச் சுடாத அதிகாரி என்று ஊர் முழுக்கப் பெயர். பாலத்தில் நடந்ததை விசாரித்துப் பதிவு செய்ய ஒரு குழு வைத்தார்கள். விசாரணை என்பது பெயருக்குத்தான். மாலை போடுவதற்குமுன் செய்யும் ஒரு சடங்கு. மாமா பாலத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதினார். அதன் பிறகு, யாரும் கேட்காமலே, இன்னும் ஒன்றரைப் பக்கம் எழுதிச் சேர்த்தார்.

பாலத்தில் நடந்ததற்கு முதல்நாள் அதே நகரத்தில் ஒரு சணல் ஆலையின் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கூட்டத்துக்குள் இருந்துதான் முதலில் வெடி வந்தது என்று அறிக்கை போனது. அந்த அறிக்கையில் கையெழுத்து மாமாவுடையது. ஒன்றரைப் பக்கத்தில் அவர் எழுதியது இதுதான்: கூட்டத்துக்குள் இருந்து வெடி வரவில்லை, கல் வந்தது. சுடும்படி தலைநகரம் சொல்லவில்லை, நான் சொன்னேன். அறிக்கை பொய், அது பொய் என்று தெரிந்தே கையெழுத்து வைத்தேன். அந்தப் பக்கத்தின் பிரதியை நான் பார்த்திருக்கிறேன். தட்டச்சில் உள்ளது. அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. காரணம் என்ற சொல்லும் இல்லை.

அதோடு எல்லாம் முடிந்தது. புதிய ஆட்சியாளருக்கு அவமானம், படைக்குக் கோபம். கூடப் படித்தவர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். நீண்ட விடுப்பு கொடுத்தார்கள். விடுப்பு ஓய்வாக மாறியது. அவருக்குக் கீழே பயிற்சி பெற்ற ஒருவர் பிற்காலத்தில் தளபதியானார். மாமி அந்த ஒன்றரைப் பக்கத்தை வாழ்நாள் முழுவதும் மன்னிக்கவில்லை என்று கணவர் சொல்வார். "எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்?" என்பாராம். நியாயமான கேள்விதான்.

கணவர் படிக்க வந்து ரொறன்ரோவில் தங்கிவிட்டார். மாமி காலமான பின் மாமா எங்களோடு ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் வந்து இருந்தார். இரண்டாவது மாதமே ஒரு வேலை தேடிக்கொண்டார். பள்ளிக்கூடச் சந்தியில் 'ஸ்ரொப்' பலகை பிடித்துப் பிள்ளைகளைத் தெருக் கடத்தும் வேலை. செம்மஞ்சள் மேலங்கியை ஒவ்வொரு நாளும் அயர்ன் பண்ணிப் போடுவார். பிளாஸ்ரிக் துணியை அயர்ன் பண்ண முடியாது மாமா என்று சொன்னாலும் கேட்கமாட்டார். துவாய்த் துண்டை மேலே போட்டு அயர்ன் பண்ணுவார். அம்மாவுக்கு இந்த வேலை பெரிய தலையிடி. உறவினர் வீட்டு விழாக்களில் "ஆமிச் சீஃப்பாய் இருந்தவர்" என்று தொடங்குவார். யாராவது "இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டால், "பள்ளிக்கூட போர்ட்டில செக்யூரிட்டிப் பக்கம்" என்று இழுத்து முடிப்பார். இராணுவம் என்றால் நெஞ்சு பதறும் சனத்துக்கு முன்னால் இராணுவப் பதவியைச் சொல்லிப் பெருமைப்பட என் அம்மாவால் மட்டும்தான் முடியும். மருமகனை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. வேறு என்னத்தைச் சொல்லிச் சமாளிப்பார், பாவம்.

அப்பா எங்கள் கலியாணத்துக்கு வந்தார், சாப்பிடவில்லை. மாமா எங்களோடு வந்து இருந்த பிறகு, அவர் நிற்கும் நேரம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தங்கள் டோர்செட் பார்க் வீட்டிலிருந்து தொலைபேசி எடுப்பார்.

"அவர் நிக்கிறாரோ?"

"ஓம் அப்பா."

"சரி, நான் பிறகு வாறன்."

ஆறு வருடம் இப்படிப் போனது. மாமாவுக்கு விளங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மகளைப் பார்க்க வரட்டும் என்று, நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மணித்தியாலம் வெளியே நிற்பார். மாசி மாதக் குளிரிலும் நின்றார். எனக்கு அப்பாவில் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு உரிமை இல்லை என்றும் தெரியும்.

பிறகு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அவர்களுடைய கட்டடத்தில் லிஃப்ட் நாலு நாளைக்கு ஒருமுறை பழுது. ஆகவே ஆறு கிழமைக்கு அம்மாவை அஜக்ஸுக்குக் கொண்டுவந்தோம். அம்மா இல்லாமல் அப்பாவால் இருக்க முடியாது. வந்தார். முதல் நாள் காலை சமையலறைக்குள் மாமா தேநீருடன் இருந்தார். அப்பா எதிர்க் கதிரையை இழுத்து இருந்தார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அப்பாவினுடையது ஊரில் வேலை செய்த தபால் கந்தோர் ஆங்கிலம், மாமாவினுடையது படைமுகாம் ஆங்கிலம். நான் இங்கே நம்முடைய தமிழில் எழுதுகிறேன்.

அப்பா காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஒண்டு கேக்க வேணும். நீங்கள் சனத்தைச் சுட்டனீங்களோ?" என்றார்.

மாமா கோப்பையை வைத்தார். "ஆம்" என்றார். ஆலை வாசலைச் சொன்னார். கல், தன்னுடைய உத்தரவு, மூன்று பேர், பொய் அறிக்கை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் அடுப்பருகில் நின்றேன். ஆறு வருடம் காத்திருந்து இந்த ஒரு காலை கிடைத்திருக்கிறது. மனிதர் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்கிறாரே என்று பொறுக்க முடியாமல் வாய்விட்டேன். "மாமா, பாலத்தைச் சொல்லுங்கோ!"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவர் பாலத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பௌமா" என்றார்.

அப்பா எழுந்து அறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு அறைக்குள்தான் கொடுத்தேன். அம்மா கட்டிலில் படுத்தபடி, "உந்த மனிசனுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாதோ? உதுக்குத்தானே நான் இவ்வளவு காலம் பொய் சொன்னனான்!" என்று அழுதார். ஆனால் அப்பா பையை அடுக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

மூன்றாம் நாள் காலை அப்பா மறுபடியும் அதே கதிரையில் வந்து இருந்தார்.

"அந்த மூண்டு பேரும் ஆர்?"

மாமா சொன்னார். ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது. யோசிக்காமல் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு மூன்று வீட்டுக்கும் போனதாகவும் சொன்னார். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் வைதார்கள். மூன்றாவது வீட்டில் இறந்தவரின் தாயார் உள்ளே கூப்பிட்டு, என்ன நடந்தது என்று முதலிலிருந்து கடைசி வரை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். சொன்னதும், சரி போ என்றாராம்.

அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நான் அந்த ஆமிக் காம்புக்கு ஒன்பது தரம் போனனான். ஒன்பது தரமும், அப்பிடி ஒரு ஆளை நாங்கள் கொண்டுவரேல்லை எண்டுதான் சொன்னவங்கள். ஒருத்தன் ஓம் எண்டிருந்தாலும் நான் வீட்டை போயிருப்பன்."

அப்பா என் பக்கம் திரும்பி, "பிள்ளை, எனக்கும் தேத்தண்ணி போடு" என்றார். அவசரத்தில் சீனி இரண்டு தரம் போட்டுவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுதினால் அது இன்னொரு பிழையான அறிவித்தல் ஆகிவிடும். அப்பா அவரோடு அதிகம் கதைத்ததில்லை. ஆனால் வருவதை நிறுத்தவில்லை. மாமா அவரை 'பெயாய்' என்று கூப்பிடுவார். சம்பந்தி என்று அர்த்தம். அப்பா ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டார். நேரே விடயத்தைத் தொடங்குவார். அம்மாவின் மீன் குழம்பை மாமா கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிடும்போது அப்பா தயிர்க் கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிடுவார். ஒருமுறை பங்களாதேஷில் மறுபடியும் சனம் தெருவில் இறங்கி ஆட்சி ஆட்டம் கண்டபோது, இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நாட்கணக்கில் இருந்தார்கள். படை சுடுமா, விலகுமா என்று கேள்வி. அப்பா கேட்டார், "நீங்கள் ஆமிச் சீஃப்பாய் இருந்தா என்ன செய்வீங்கள்?" மாமா, "அந்தக் கதிரையில் இருப்பவனுக்குத்தான் தெரியும். நான் அங்கே இல்லாதது நல்லது" என்றார். பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை.

மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தார். சந்தி வேலையை விடச் சொன்னதற்கு, பள்ளிக்கூட நாளில் மிச்சம் இரண்டு இருக்கிறதே என்றார். கடைசியில் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். அப்பா நெடுந்தெரு நெரிசலைப் பொருட்படுத்தாமல் பஸ் மாறி மாறி வந்து பக்கத்தில் இருந்தார். ஒருநாள் மாமா அவரிடம், "உங்கள் தம்பிக்காக எப்போதாவது பிரார்த்தனை செய்வித்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை. செய்தா அவன் இல்லையெண்டு ஆகிப்போகும்" என்றார் அப்பா. மாமா தலையை அசைத்தார். இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் மாமா போய்விட்டார். கட்டிலருகில் கணவரும் நானும் இருந்தோம். அப்பா வழியில் பஸ்ஸில் இருந்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மாமாவைப் பராமரித்த தாதிமாருக்கும் மருத்துவர்களுக்கும், உடலைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய உதவிய பள்ளிவாசல் சகோதரர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போன அயலவருக்கும், சந்தியில் பூ வைத்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், தெரியாத சடங்கு என்றாலும் தூர நிற்காமல் வந்து மண் போட்ட எங்கள் தமிழ் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மரண அறிவித்தல் போட்ட அண்ணைக்கும் நன்றி. பிழை அவருடையது அல்ல. அம்மாவுக்கும் நன்றி, பிழை அவருடையதுதான்.

அப்பாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பதாம் நாள் எங்கள் வீட்டில் பிரார்த்தனை நடந்தது. இரு பக்கத்துச் சனமும் நிறைந்திருந்தது. கணவர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். மாமா, மாமி, மாமாவின் பெற்றோர். அடுத்து ஆலை வாசலில் இறந்த மூன்று பேர். மாமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகைக்குப் பின் சொல்லி வந்தபடியே பெயர், தகப்பன் பெயர், வயது. முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரம் அப்பா எழுந்து நின்றார்.

"இன்னும் ஒரு பேர் இருக்கு. நான் சொல்லலாமோ?"

"சொல்லுங்கோ" என்றார் கணவர். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அதுவும் ஒன்று.

அப்பா தன் தம்பியின் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். யாராவது சித்தப்பாவைப் பற்றிக் கேட்டால் அப்பா வருடா வருடம் வயதைக் கூட்டித்தான் சொல்லி வந்தவர். அந்தத் தைப்பொங்கலுக்குக்கூட, "அவனுக்கு இப்ப ஐம்பத்தேழு" என்றவர். அன்று எல்லோருக்கும் முன்னால், "வயது இருபத்திரண்டு" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார்.